மான் தாண்டும்போது ஹாரன் அடிக்கிற மகராசன்களே!

முன்னால் போகிற வண்டி நின்றால் ஏதோ காரணம் இருக்கும் என்று இவர்களுக்குத் தோன்றவே தோன்றாதா? லீவு நாள் சாயங்காலம் முதுமலைக் காட்டு ரோட்டில் தொரப்பள்ளி தாண்டி தெப்பக்காட்டுக்கு வண்டி ஓட்டிப் பாருங்கள், ரத்தம் கொதிக்கும். குறுக்கே ஒரு புள்ளிமான் வருகிறது, நிறுத்துகிறேன். அது ரோட்டைத் தாண்டியதுதான் தாமதம், பின்னாலிருந்து கையை எடுக்காமல் ஹாரன். “அதான் போயிடுச்சே, எடுங்க!” என்று கத்தல் வேறு.

போனது ஒன்று ஐயா! புள்ளிமான் கூட்டமாகத் திரிகிற பிராணி. ஒன்று தாண்டினால் பின்னாலேயே மற்றவை வரும், குட்டிகளும் வரும். போன வாரம் ஒரு குட்டி முன்னங்கால் இரண்டையும் தாரில் வைத்தபடி, தாய் போன பக்கத்தையே பார்த்து நின்றது. ஹாரன் சத்தத்தில் மிரண்டு பாய்ந்ததில் குளம்பு வழுக்கி நடுரோட்டில் மடங்கி விழுந்தது. அந்த நேரம் பார்த்து பின்னால் நின்ற கார் என்னை ஓவர்டேக் செய்து சீறிக்கொண்டு போகிறது. ஒரு சாண் இடைவெளியில் தப்பித்தது அந்தக் குட்டி. பாவிகள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அப்படி என்ன அவசரம்? இந்த ரோடு போய்ச் சேரும் கர்நாடகத்தின் பந்திப்பூர் காட்டு வழி 2009லிருந்து இரவு 9 மணிக்கு மூடி, காலை 6 மணிக்குத்தான் திறக்கிறது. கேட் மூடுவதற்குள் போய்விட வேண்டுமென்று இருட்டிய பிறகு பறக்கிறார்கள். கடமான் மேயக் கிளம்புவதும் அதே நேரம்தான். ஊட்டியில் ஒரு மணி நேரம் முன்னால் கிளம்பினால் என்ன குறைந்துவிடும்? மணிக்கு 60 கிலோமீட்டரில் போனால், சுதாரித்து பிரேக்கை மிதிக்கிற ஒரு நொடிக்குள்ளேயே வண்டி 16 மீட்டருக்கு மேல் ஓடிவிடும். மான் நிற்பது தெரிந்த பிறகும் ஹை பீமை இறக்குவதில்லை. கண் கூசினால் அது ஓடாது, அப்படியே திகைத்து நின்றுவிடும். கடைசி நொடியில் ஸ்டியரிங்கை ஒடித்தால் எதிரே பைக்கில் வருகிற மசினகுடிக்காரர் எங்கே போவார்?

இன்னொரு கூட்டம் ஓரங்கட்டி மானுக்கு சிப்ஸ் போடுகிறது. அந்த ருசிக்கு அவை ரோட்டோரத்தையே சுற்றி வருகின்றன.

நீலகிரிக்குள் வர இ-பாஸ் கேட்கிறார்கள், பிளாஸ்டிக் பாட்டிலைத் தேடிப் பிடிக்கிறார்கள். சரி, நல்லதுதான். தொரப்பள்ளியைத் தாண்டிய நேரத்தையும் தெப்பக்காடு வந்து சேர்ந்த நேரத்தையும் குறித்தால், வேக வரம்பான 30ஐத் தாண்டி ஓட்டியவன் எல்லாம் அங்கேயே மாட்டுவானே! இரண்டு கேமரா போதும். அதை ஏன் இன்னும் செய்யவில்லை?