சர்ச்சிலின் ஆறு தொகுதிகள்: ஒரு திருத்தம்

இரண்டாம் உலகப் போரைப் பற்றிய ஆறு தொகுதிகளும் சர்ச்சில் ஒருவரே எழுதிய நடுநிலையான முழு வரலாறு என்றும், 1953ஆம் ஆண்டின் இலக்கிய நோபல் பரிசு அதற்காக மட்டுமே வழங்கப்பட்டது என்றும் நண்பர் ஒருவர் எழுதியிருப்பது சரியன்று. வரலாற்றறிஞர் வில்லியம் டீக்கினும், இஸ்மே, பவ்னால் ஆகிய தளபதிகளும் அடங்கிய உதவியாளர் குழு ஆவணங்களைத் திரட்டி, பல பகுதிகளுக்கு முதல் வரைவையும் எழுதித் தந்தது. அவற்றைச் செப்பனிட்டுத் தம் நடைக்குக் கொண்டுவந்தவர் சர்ச்சில். பரிசுக் குறிப்போ அவருடைய சொற்பொழிவுகளையும் சேர்த்தே பாராட்டுகிறது. இவற்றைவிடப் பெரிய குறையாக நான் கருதுவது, பல லட்சம் உயிர்களைப் பறித்த 1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சத்துக்கு அந்நூலின் கதையோட்டத்தில் ஏறக்குறைய இடமே இல்லாததைத்தான். நான்காம் தொகுதியில் அவர், போரின் கொடுமைகளிலிருந்து இந்திய மக்கள் அளவுக்குப் பாதுகாக்கப்பட்டவர்கள் உலகில் வேறெவரும் இல்லை என்ற பொருள்பட எழுதிச் செல்கிறார்.