உளி கீழே, பட்டரி மேலே

பக்கத்து வளவுத் தம்பி ஒருவன் வருகிற ஞாயிற்றுக்கிழமை தச்சு வேலைக்காகக் கத்தாருக்குப் போகிறான். "அண்ணை, ஆயுதங்களைக் கைப்பையில் கொண்டுபோகலாமா? நாலே நாலு உளிதான்" என்று நேற்று வேலிக்கு அப்பால் நின்று கேட்டான். கூடாது என்று ஒரே சொல்லில் பதில் சொல்லிவிட்டேன். முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு போனான். அவனுக்குச் சொல்லாமல் விட்ட மிச்சக் கதையை இங்கே எழுதுகிறேன்.

போன வருடம் லண்டனில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போயிருந்தேன். மருமகனுக்குச் சாமி அறைக்கு மரக்கதவு வேண்டுமாம், அதுவும் மாமாவின் கையால் வேண்டுமாம். போகும்போது சீவுளி, உளி, வாள் எல்லாவற்றையும் விமானத்தின் அடியில் போகிற பெட்டிக்குள் வைத்தேன். ஒரு கேள்வியும் இல்லை. மூன்று வாரம் வேலை. ஓக் மரம். நம்முடைய முதிரை மரத்தோடு மல்லுக்கட்டிப் பழகிய கைக்கு அது சொன்னபடி கேட்கிற பிள்ளை மாதிரி இருந்தது.

வினை திரும்பி வரும்போதுதான் வந்தது. பெட்டி 23 கிலோ வரைதான் இருக்கலாம். தராசு 25 அரை காட்டியது. தங்கை ஊரில் உள்ள பிள்ளைகளுக்கெல்லாம் சாக்லேட் வாங்கி அடைத்திருந்தாள். "இரண்டரைக் கிலோவைக் கைப்பைக்கு மாற்றுங்கள்" என்றாள் கவுண்டரில் இருந்த பெண். சாக்லேட்டில் கை வைக்கத் தங்கை விடவில்லை. இடத்தை அடைக்காமல் பாரமாக இருப்பது எது என்று தேடினேன். தீட்டுகல்லும் துணியில் சுருட்டிய ஐந்து உளிகளும் அகப்பட்டன. எடுத்துக் கைப்பையில் போட்டேன். அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பெட்டி நகரும் பட்டியில் ஏறிப் போய்விட்டது.

பாதுகாப்புச் சோதனையில் துணிச் சுருளை விரித்தார்கள். அந்த அதிகாரி கோபக்காரி இல்லை. ஒரு அடிமட்டத்தை எடுத்து அப்பாவின் முக்கால் அங்குல உளிக்குப் பக்கத்தில் வைத்தாள். இரும்பு 9 சென்ரிமீற்றர். பிரித்தானியாவில் விதி 6 சென்ரிமீற்றர்: அதற்கு மேல் அலகோ தண்டோ நீண்ட கருவி கைப்பையில் ஏற முடியாது, பெட்டியில் தாராளமாகப் போகலாம். பெட்டி ஏற்கனவே போய்விட்டதே! வெளியே திரும்பிப் போய்த் தபாலில் அனுப்பலாம் என்றாள். விமானத்துக்கு நாற்பது நிமிடம் இருந்தது.

அந்த உளியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். என் அப்பப்பா இங்கே திருகோணமலையில், கடற்படையின் டொக்யார்டில் தச்சராக இருந்தவர். வெள்ளைக்காரர் 1957இல் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் ஒப்படைத்துவிட்டுப் போன சமயத்தில், இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகர முத்திரை குத்திய அந்த உளி அவருடைய கைக்கு வந்துசேர்ந்தது. எப்படி வந்தது என்று எங்கள் வீட்டில் யாரும் கேட்டதில்லை. பிடி இரண்டு தடவை மாறிவிட்டது. கடைசிப் பிடி அப்பா முதிரையில் கடைந்தது, கட்டைவிரல் படுகிற இடத்தில் சின்னதாக ஒரு பள்ளம். இரும்பு முதலில் ஒரு சாண் இருந்ததாம். மூன்று தலைமுறை தீட்டித் தீட்டி 9 சென்ரிமீற்றருக்கு வந்திருந்தது. இன்னும் ஒரு தலைமுறை தீட்டியிருந்தால் விதிக்குள் அடங்கியிருக்கும். இங்கிலாந்தில் பிறந்த உளி இங்கிலாந்திலேயே தங்கிவிட்டது.

இதைச் சொன்னால் நண்பர்கள் உடனே "தமிழன் என்பதால் பறித்தார்கள்" என்கிறார்கள். இல்லை. எனக்கு முன்னால் நின்ற வெள்ளைக்காரரின் பெரிய திருப்புளியும் அதே தொட்டிக்குள்தான் விழுந்தது. விதியில் எனக்குக் குறை இல்லை. 2001 செப்டெம்பரில் அமெரிக்காவில் விமானங்களைக் கடத்தியவர்களிடம் இருந்தவை சின்னக் கத்திகள். அதற்குப் பிறகு எல்லாக் கருவிக்கும் கதவை அடைத்த அமெரிக்கா, 2005 டிசம்பரில் 7 அங்குலம் வரையான சிறு கைக்கருவிகளைக் கைப்பையில் விட்டது. அங்கே பிடியோடு சேர்த்து நுனிக்கு நுனி அளப்பார்கள். அப்படி அளந்தாலும் இறுதி முடிவு முன்னால் நிற்கிற அதிகாரியுடையது.

தச்சனாகப் பார்த்தால் நீளத்தை வைத்து அளப்பது வேடிக்கைதான். நன்றாகத் தீட்டிய இரண்டு அங்குல உளி முழங்கை மயிரை வழித்துவிடும். ஒரு அடி நீள மர அரம் வாழைப்பழத்தைக்கூட ஒழுங்காக வெட்டாது. ஆனாலும் ஒவ்வொருவருடைய உளியையும் கையில் தேய்த்துக் கூர் பார்க்கச் சொல்லி அதிகாரியிடம் கேட்க முடியுமா? அடிமட்டம் வைத்து அளக்கக்கூடியதைத்தான் விதியாக எழுத முடியும். சரி, எழுதட்டும்.

என் கோபம் வேறு இடத்தில் இருக்கிறது. பாரத்தைக் குறைக்கச் சொல்கிறவர், "கூரான சாமான் எதையும் கைப்பைக்கு மாற்றாதீர்கள்" என்று ஒரு வரி சேர்த்துச் சொன்னால் என்ன? பட்டரி இருக்கிறதா என்று கேட்கிற வாய்தானே? சோதனை நடக்கிற இடத்திலேயே காசு கட்டிப் பொருளை வீட்டு விலாசத்துக்கு அனுப்புகிற ஒரு மேசை இருந்தால் என்ன? பத்தாயிரம் ரூபாய் கேட்டிருந்தாலும் கட்டியிருப்பேன்.

அப்பா இருந்திருந்தால் சிரித்திருப்பார். தொண்ணூறுகளில் அவர் சைக்கிளில் நிலாவெளிப் பக்கம் வேலைக்குப் போவார். யுத்த காலம், வழியில் சோதனைச் சாவடி. பையைக் கொட்டுவதற்கு முன்பே அவராக இறங்கி, சாக்கை விரித்து, ஒவ்வொன்றாக அடுக்கி வைப்பார். கொட்டினால் உளி வாய் உடைந்துவிடுமே. நம்முடைய பேச்சில் தச்சுக் கருவிக்கும் ஆயுதம்தான் பெயர், துவக்குக்கும் ஆயுதம்தான். நவராத்திரியில் பூசை போடுவதும் ஆயுத பூசைதான். சிங்களத்திலும் அப்படியே. அதனால் அப்பா ஒரே ஒரு சொல்லைக் கவனமாக முன்னால் சேர்த்துக்கொள்வார்: "வடு ஆயுத, மாத்தயா." தச்சு ஆயுதம், ஐயா. வடு என்ற அந்த இரண்டு எழுத்து இல்லாவிட்டால் அன்றைய வேலை இல்லை. இங்கிலீஷில் கருவிக்கு ஒரு சொல், ஆயுதத்துக்கு இன்னொரு சொல் என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். அவர்களுடைய நாட்டில்தான் என் உளி இரண்டாவது சொல்லுக்குள் போய் விழுந்தது.

சரி, தம்பிக்கும் அவனைப் போன்றவர்களுக்கும் வேலைக்கு உதவுகிற பேச்சு. உளி, வாள், சீவுளி, சுத்தியல் எல்லாம் கீழே போகிற பெட்டியில். உளி வாய்க்குப் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி உறை போட்டுக் கட்டுங்கள். பெட்டியைத் திறந்து பார்க்கிறவனுக்கும் விரல் இருக்கிறது. சீவுளியின் அலகைக் கழற்றித் தனியாகச் சுற்றுங்கள். நம்மூர் உப்புக் காற்றில் வளர்ந்த இரும்புக்கு எண்ணெய் பூசாமல் மனம் கேட்காது. பூசிவிட்டுத் துடைத்துவிடுங்கள், சொட்ட விடாதீர்கள். வார்னிஷ், தின்னர், ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கு, இவை மேலேயும் இல்லை, கீழேயும் இல்லை. அங்கே போய் வாங்குங்கள்.

பட்டரியில்தான் எல்லோரும் தலைகீழாகச் செய்கிறார்கள். மின்துளைக் கருவி கீழே போகலாம். கழற்றிய லித்தியம் பட்டரி கீழே போகவே கூடாது, கைப்பையில்தான் வர வேண்டும். சரக்கு அறையில் அது தீப்பற்றினால் யாருடைய கையும் எட்டாது; மேலே என்றால் பணியாளர் அணைப்பார். பட்டரிக்குள் அடங்குகிற மின்சாரத்தை வாட்-மணியில் அளப்பார்கள்; 100 வாட்-மணி வரை கேள்வி இல்லை. 18 வோல்ட்டை 5 அம்பியர்-மணியால் பெருக்கினால் 90, தப்பித்தீர்கள். 6 என்றால் 108; விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். 160க்கு மேல் என்றால் வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். முனைகளில் ஒட்டுநாடா ஒட்ட மறக்க வேண்டாம்.

இன்று காலை தம்பியின் பெட்டியைச் சந்திக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தோம். ஒன்றரைக் கிலோ கூட. "அந்த இரும்புகளை எடுத்துக் கையில் கொடுங்கோ" என்றார் அவனுடைய அம்மா. நான் கருவாட்டுப் பொட்டலத்தை எடுத்து வெளியே வைத்தேன். இதை எழுதுகிற நேரம் வரை அவர் என்னோடு பேசவில்லை.