அவளுக்கு மூன்று மணி நேரம் கொடுங்கள்

அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிற பெண் உங்கள் வீட்டில் இருந்தால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

என் தங்கச்சி 2022 ஜூலை 24 தேர்வு எழுதினாள். ரிசல்ட் வர 2023 மார்ச் ஆகிவிட்டது. மூன்றே கேள்வியில் போச்சு. கேள்விக்கு ஒன்றரை மார்க் வீதம் நாலரை மார்க். "உனக்குக் கணக்குதான் வரலை, கோச்சிங் போ" என்று எல்லோரும் சொன்னோம். பணம் கட்டியதும் நான்தான். அண்ணனாக என் கடமை முடிந்தது என்று நினைத்தேன். தப்பு.

அவளுக்குக் கணக்கு வரும். ஒருநாள் அவள் வீட்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் பார்த்தேன். சாக்பீஸில் கூட்டுவட்டி சூத்திரம், அதற்குக் கீழே ஒரு கணக்கு, இரண்டாவது வரியோடு நின்றிருந்தது. கேட்டேன். "குக்கர் விசில் வந்துச்சு, அப்புறம் அத்தைக்கு மாத்திரை, சின்னவன் அழுதான். திரும்பி வந்தா எங்க விட்டேன்னு தெரியலண்ணா. முதல்லேர்ந்து போடணும்."

தமிழை இப்படித் துண்டு துண்டாகப் படித்துவிடலாம். 200 கேள்வியில் 100 தமிழ்தான். அதில் 60 மார்க் எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். அதை அவள் கோட்டை விடவில்லை. சாம்பார் கொதிக்கும்போதே மகளின் ஆறாம் வகுப்புப் புத்தகத்தில் எதிர்ச்சொல்லும் பிரித்தெழுதுகவும் பார்த்துவிடுவாள். ஆனால் கணக்கு வரும் திறனறிவுப் பகுதியின் 25 கேள்வியை அப்படிப் படிக்க முடியாது. 'வேலையும் நேரமும்' மாதிரி ஒரு கணக்கைப் பாதியில் விட்டு எழுந்தால் போட்ட அவ்வளவும் வீண்.

அதைவிடப் பெரிய விஷயம், 200 கேள்விக்கு மூன்று மணி நேரம்தான். ஒரு கேள்விக்கு ஒரு நிமிஷம்கூட வராது. கல்யாணமானதிலிருந்து மூன்று மணி நேரம் சேர்ந்தாற்போல் ஓரிடத்தில் உட்காராதவள், முதன்முதலாகப் பரீட்சை ஹாலில்தான் அப்படி உட்கார்ந்தாள்!

நானும் இதே தேர்வுக்குப் படித்தவன். காலையில் அம்மா டிபன் பாக்ஸ் கட்டிக் கொடுப்பார், நூலகத்துக்குப் போனால் ராத்திரிதான் வீடு. இரண்டு வருஷம். என்னை யாரும் ஒரு வேலை ஏவவில்லை. அவளுக்கோ படிப்பு என்பது எல்லா வேலையும் முடிந்த பிறகு, கண் சொக்கும் நேரத்தில்.

செலவு பெரிதில்லை. சமச்சீர் புத்தகம் இணையத்தில் இலவசம், பழைய வினாத்தாள் தேர்வாணையத்தின் தளத்திலேயே இருக்கிறது, தேர்வுக் கட்டணம் 100 ரூபாய். நேரத்தை மட்டும் வீட்டில் இருப்பவர்கள்தான் கொடுக்க வேண்டும். கணவர், மாமியார், அண்ணன் தம்பி, எல்லோரும்தான். "சும்மாதானே உட்கார்ந்திருக்க, இதைக் கொஞ்சம் பாரு" என்று தயவுசெய்து கூப்பிடாதீர்கள்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை ஒன்பது மணிக்கே பிள்ளைகள் இரண்டு பேரையும் என் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுகிறேன். சமையல் அன்றைக்கு மச்சான் பொறுப்பு. நிஜத் தேர்வு மாதிரியே ஒன்பதரைக்கு உட்கார்ந்து பன்னிரண்டரை வரை எழுதுகிறாள், ஓ.எம்.ஆர். தாளில் கறுப்புப் பேனாவால் வட்டம் நிரப்பி. போன வாரம் பிள்ளைகளைத் திரும்ப விடப் போனபோது விடைகளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். திறனறிவில் 25-க்கு 22. தாளைத் தூக்கிக் காட்டினாள்.