உல்லன் நூலில் ஒரு பவளப்பாறை

கலையும் அறிவியலும் சேர்ந்த கண்காட்சி என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம். போன வருடம் ஒன்றுக்குப் போயிருந்தேன். இருட்டறை, நீல விளக்கு, ஸ்பீக்கரில் அலைச் சத்தம், சுவர் முழுக்கப் பொடி எழுத்தில் கட்டுரை. பாதிப் பேர் செல்ஃபி எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள், நான் உட்பட. கல்யாண மண்டபத்துக்குப் பூ ஜோடனை செய்வதுபோல, அறிவியலுக்குக் கலை ஜோடனை செய்திருந்தது. அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்று மட்டும் அப்படித் தோன்றவில்லை. அதையும் நான் நேரில் பார்த்ததில்லை, படங்களிலும் காணொளிகளிலும்தான். மார்கரெட், கிறிஸ்டீன் வெர்தைம் என்ற இரட்டைச் சகோதரிகள், ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்துக்காரர்கள், 2005-ல் லாஸ் ஏஞ்சலிஸில் இருந்தபடி தொடங்கிய குரோஷா பவளப்பாறை. அதாவது கொக்கி ஊசியால் நூலில் பின்னிய பவளப்பாறை.

இதன் வேர் ஒரு கணக்கு. காகிதத்தில் முக்கோணம் வரைந்தால் மூன்று கோணமும் சேர்ந்து 180 டிகிரி. ஆனால் ஓரம் போகப் போக நெளிந்து விரியும் பரப்பில் வரைந்தால் 180-க்குக் குறைந்துவிடும். ஹைபர்பாலிக் வடிவியல் என்பார்கள். கோழிக்கொண்டைப் பூவின் மடிப்பை நினைத்துக்கொள்ளுங்கள். இதற்குக் காகிதத்தை ஒட்டிச் செய்த மாதிரிகள் இருந்தன, கை பட்டால் கிழியும். 1997-ல் கார்னெல் பல்கலைக்கழகக் கணித ஆசிரியர் டைனா டைமினா குரோஷா ஊசியை எடுத்தார். விதி ரொம்பச் சுலபம்: சில கண்ணிகளுக்கு ஒருமுறை ஒரு கண்ணி கூடுதலாகப் போடு.

நானும் போட்டுப் பார்த்தேன். 20 கண்ணியில் தொடங்கி, மூன்றுக்கு ஒன்று கூட்டிக்கொண்டே போனால் எட்டாவது வரிசையில் ஏறக்குறைய 200! இடம் போதாமல் நூல் தானாக மடிகிறது, சுருள்கிறது. நான் எந்த வடிவத்தையும் திட்டமிடவில்லை. ஆனால் கையில் இருந்தது பவளத்தின் ஓரம்.

வெர்தைம் சகோதரிகள் அந்த விதியைக் கொஞ்சம் தப்பும் தவறுமாகப் போட்டால் விதவிதமான பவள உருவங்கள் வரும் என்று கண்டார்கள். கடல் நீர் சூடானால் பவளம் தன் உடம்புக்குள் வாழும் பாசியை வெளியேற்றிவிடும். நிறமும் போகும், சாப்பாடும் போகும். அதற்காக வெள்ளை நூலிலேயே ஒரு பாறை. பிளாஸ்டிக் குப்பையில் பின்னியது இன்னொன்று. 2019-ல் இந்தப் படைப்பு வெனிஸ் பியனாலே என்ற பெரிய கலைக் கண்காட்சிக்குப் போனது. ஜெர்மனியின் பாடன்-பாடனில் 2022-ல் வைத்ததற்குச் சுமார் 4,000 பேர் பின்னி அனுப்பினார்கள், பெரும்பாலும் பெண்கள். 'இது கைவேலைதானே, கலையா' என்று முகம் சுளிப்பவர்கள் இருக்கிறார்கள். இருக்கட்டும்.

2015-ல் பாரிஸ் பருவநிலை மாநாட்டின்போது கலைஞர் ஓலாஃபுர் எலியாசனும் நிலவியலாளர் மினிக் ரோசிங்கும் கிரீன்லாந்துப் பனிக்கட்டி 12-ஐ கடிகார முகம்போல வட்டமாக வைத்துக் கரையவிட்டார்கள். அழகுதான். ஆனால் அங்கே பார்வையாளருக்கு வேலை, தொட்டுப் பார்த்து வருத்தப்படுவது மட்டும். குரோஷாவில் அப்படி முடியாது. மணிக்கணக்கில் உட்கார வேண்டும், எண்ண வேண்டும், பிரிக்க வேண்டும்.

சரி, இதனால் ஒரு பவளமாவது பிழைத்ததா? இல்லை. 2024 ஏப்ரலில் உலகளாவிய நான்காவது பவள வெளிறல் அறிவிக்கப்பட்டது. மன்னார் வளைகுடாவில் நம் பவளங்களும் 2010-ல், 2016-ல் வெளுத்தவைதான். கண்காட்சி கடலைக் குளிர வைக்காது. அதைக் கேட்டு மடக்குவதும் நியாயமில்லை என்பது என் கட்சி.

நான் பின்னியதைச் சித்தியிடம் காட்டினேன். முப்பது வருடமாக ஒயர் கூடை பின்னுகிறவர். திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எதுக்குடா இது, கரி துணியாக்கூட ஆகாது போல" என்றார். வெளுத்த பவளத்தின் படத்தை போனில் காட்டிக் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "மிச்ச ஒயர் ரெண்டு கட்டு கிடக்கு, அதுல வருதான்னு பார்ப்போமா?"

இரண்டு ஞாயிற்றுக்கிழமையாக உட்கார்ந்திருக்கிறோம். ஒயர் விறைப்பு, மடியவே மாட்டேன் என்கிறது. ஊசியைக் குறை சொல்கிறார் சித்தி.