நீல ரோஜா எந்த மலையிலும் பூப்பதில்லை

"நீல ரோஜா இமயமலையில் தானாகப் பூக்கும் அபூர்வ மலர், அதனால்தான் அதற்குக் 'கைகூடாத காதல்' என்று பொருள்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். பொருள் சரி, காரணம் தவறு. நீலத்துக்கு வேண்டிய டெல்ஃபினிடின் நிறமி ரோஜாவில் இயல்பாக உருவாவதே இல்லை. இல்லாத பூ என்பதால்தான் கைக்கு எட்டாதது என்ற பொருளே வந்தது. பூக்கடையில் விற்பது பெரும்பாலும் சாயநீரில் நிறுத்திவைத்த வெள்ளை ரோஜா. ஓர் இதழைப் பிய்த்து வெளிச்சத்தில் பிடியுங்கள். நரம்புகளில் மட்டும் நீலம் அடர்ந்து தேங்கியிருக்கும். ஜப்பானின் சன்டோரி நிறுவனம் மரபணு மாற்றி 2009இல் விற்பனைக்குக் கொண்டுவந்த ரோஜாகூட என் கண்ணுக்கு வெளிர் ஊதாதான். அதற்கு அவர்கள் சூட்டிய பொருளோ நேரெதிர்: 'கனவு நனவாகும்'. பூங்கொத்தில் அசல் நீலம்தான் வேண்டுமென்றால் டெல்ஃபினியம் என்ற பூவைக் கேட்டு வாங்குங்கள்.