படிச்சிட்டேன் சார்!

போன வாரம் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பத்தியை வாசிக்கக் கொடுத்தேன். கண்மாய்ப் பாசனம் பற்றி நானே எழுதிய எட்டு வரி. முதல் ரேங்க் வாங்கும் பிள்ளை எழுந்து தங்குதடையில்லாமல் வாசித்தாள். "என்னம்மா சொல்லியிருக்கு?" என்றேன்.

"படிச்சிட்டேன் சார்."

"அது சரி, என்ன புரிஞ்சுது?" முதல் இரண்டு வரியை அப்படியே ஒப்பித்தாள்.

கடைசி பெஞ்சில் ஒருத்தன். 'மெல்ல மலரும் மாணவர்' பட்டியலில் இருப்பவன், எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பான். "சார், கலுங்குன்னு போட்டிருக்கே, அது நம்ம மறுகால்தானே? குளம் பெருகி மறுகால் பாஞ்சா தண்ணி கீழக் குளத்துக்குப் போயிரும்லா, அதைத்தான் எழுதியிருக்கு" என்றான். அவன் அப்பாவோடு ஆடு பத்திக்கொண்டு குளத்தங்கரையிலேயே திரிகிறவன்.

அமெரிக்காவில் 1988-ல் ரெக்ட், லெஸ்லி என்ற இருவர் ஏழு, எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் 64 பேருக்கு பேஸ்பால் ஆட்டம் பற்றிய பத்தியைக் கொடுத்துப் பார்த்தார்கள். நன்றாக வாசிக்கிற, ஆனால் ஆட்டம் தெரியாத பிள்ளைகளைவிட, வாசிப்பில் பின்தங்கிய, ஆட்டம் தெரிந்த பிள்ளைகளுக்கே அதிகம் புரிந்திருந்தது. என் வகுப்பில் நடந்ததும் அதேதான், பேஸ்பாலுக்குப் பதில் குளம்.

எனக்கு இந்தப் 'படி' என்ற சொல் மேலேயே சந்தேகம். வாசிப்பதும் படிப்புதான், மனப்பாடம் பண்ணுவதும் படிப்புதான். "படிச்சிட்டியா?" என்று வீட்டில் கேட்டால் 'ஒப்பிப்பியா?' என்றுதான் பிள்ளைக்குக் காதில் விழுகிறது. நாங்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. புக் பேக் கேள்வி, ஒன் வேர்டு, பாஸ் பண்ண மட்டும் சுருக்கித் தரும் மினிமம் மெட்டீரியல். உரைப்பத்தி வினாவுக்குக்கூட, கேள்வியில் இருக்கும் சொல் பத்தியில் எங்கே வருகிறதோ அந்த வரியைப் பெயர்த்து எழுது என்று சொல்லிக்கொடுத்திருக்கிறேன். மார்க்கும் வந்தது. புரியாமலே மார்க் வாங்கலாம் என்றால் எந்தப் பிள்ளை மெனக்கெடும்?

செல்போன்தான் கெடுத்தது என்று கமெண்டில் வருவீர்கள், தெரியும். 15 வயதுப் பிள்ளைகளுக்குப் பல நாடுகளில் நடத்தும் பீசா (PISA) 2009 தேர்வைத் தமிழ்நாடும் எழுதியது, இங்கே நடந்தது 2010-ல். வாசிப்பில் அடிப்படை நிலையைத் தொட்டவர்கள் சுமார் 17 சதவீதம். வளர்ந்த நாடுகளின் சராசரி 81. அப்போது எந்தப் பிள்ளை கையில் ஸ்மார்ட்போன் இருந்தது? போன் கூடுதல் கேடு, அவ்வளவுதான்.

இன்னொன்று, நாம் பேசும் தமிழ் வேறு, பாடநூல் தமிழ் வேறு. 'எனினும்', 'அன்றி', 'பொருட்டு' எல்லாம் எந்த வீட்டில் புழங்குகிறது? கணக்கு டீச்சர் புலம்புவார்: "ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு தந்தையின் வயது மகனின் வயதைப் போல் மூன்று மடங்கு" என்றால் பாதி வகுப்பு முழிக்குமாம். சமன்பாட்டைக் கையில் கொடுத்தால் நிமிஷத்தில் போட்டுவிடுவார்களாம். அதைக் கணக்கு வராத பிள்ளை என்று எழுதி வைத்திருக்கிறோம். (ஒரு பிள்ளைக்கு எட்டாம் வகுப்புவரை வாசிப்பே வரவில்லை என்றிருந்தோம். கடைசியில் பார்த்தால் கண் பவர்.)

இப்போது பாடம் தொடங்குமுன் பத்து நிமிஷம் வெறும் பேச்சு. ஒளிச்சேர்க்கை என்றால் முதலில் வெயில் படாத செடி ஏன் வெளுக்கிறது என்று பேசிவிட்டுத்தான் புத்தகத்தைத் திறக்கச் சொல்கிறேன். வாசித்ததும் புத்தகத்தை மூடிவிட்டுப் பக்கத்துப் பிள்ளைக்குச் சொந்தப் பேச்சில் சொல்ல வேண்டும். முதல் ரேங்க் பிள்ளைக்கு இது பிடிக்கவேயில்லை. "எந்தக் கேள்வி சார் பரீட்சைக்கு வரும்?" என்று நேற்றும் கேட்டாள்.