துப்பாக்கி மேரியிடம்தான் இருந்தது

பிபிசியின் ‘ஷெர்லாக்’ தொடர், மூன்றாவது சீசனின் கடைசி எபிசோடை நேற்று ராத்திரி மறுபடியும் பார்த்தேன். 2014 ஜனவரியில் வந்தது. இனிமேல் முடிவைச் சொன்னால் யாரும் அடிக்க வரமாட்டீர்கள் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன்.

இந்தத் தொடரின் வில்லன்களில் எல்லோரும் மோரியார்ட்டி கட்சி. நான் மக்னுசன் கட்சி. மோரியார்ட்டி ஆட்டம் பாட்டம் என்று கலக்குவான். மக்னுசன் குரலைக்கூட உயர்த்த மாட்டான். லார்ஸ் மிக்கெல்சென் அப்படியே ஈரமாக, சில்லென்று நடித்திருப்பார். பெரிய பத்திரிகை முதலாளி, ஆட்களின் ரகசியங்களை வைத்து மிரட்டுகிறவன். விசாரணைக் குழுவில் தன்னைக் கேள்வி கேட்ட லேடி ஸ்மால்வுட்டின் கன்னத்தை நக்குகிறான். ஷெர்லாக் வீட்டுக்கே வந்து கணப்படுப்பில் சிறுநீர் கழித்துவிட்டுப் போகிறான். அவர்கள் கை ஓங்க மாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும்.

ஹோம்ஸைப் படைத்த கோனன் டாயிலின் 1904 கதையில் வரும் மில்வெர்டன்தான் இவனுக்கு மூலம். அவன் வியாபாரி, ஒரு கட்டுக் கடிதங்களுக்கு 7,000 பவுண்டு என்று விலை சொல்வான். மக்னுசனுக்குக் காசு வேண்டாம், ஆள்தான் வேண்டும். ஷெர்லாக்கின் நண்பன் ஜான் வாட்சனின் மனைவி மேரியின் ரகசியம் அவனிடம் இருக்கிறது. மேரியைப் பிடித்தால் ஜான், ஜானைப் பிடித்தால் ஷெர்லாக், ஷெர்லாக்கைப் பிடித்தால் அரசாங்கத்தில் பெரிய கையான அவன் அண்ணன் மைக்ராஃப்ட். அரசாங்கமே கைக்குள் வந்துவிடும். வட்டிக்கு விடுகிறவன்கூட இவ்வளவு பொறுமையாகக் கணக்குப் போட மாட்டான். ஜானின் முகத்தில் விரலால் சுண்டிச் சுண்டி விளையாடுகிற காட்சி இருக்கிறதே, மேரிக்காக அந்த மனுஷன் பல்லைக் கடித்துக்கொண்டு நிற்பான். மிரட்டல் என்றால் என்னவென்று அந்தக் காட்சிக்கு மேல் காட்ட முடியாது.

மக்னுசனின் மாளிகையான ஆப்பிள்டோரில் ஆவணக் கிடங்கே கிடையாது, எல்லாம் அவன் தலைக்குள்தான் என்ற திருப்பத்தைப் பலர் ஓட்டை என்கிறார்கள். ஆதாரம் இல்லாதவனுக்கு எதற்குப் பயப்பட வேண்டும்? இதில் நான் எழுதியவர் பக்கம். பத்திரிகை வைத்திருப்பவன் நிரூபிக்க வேண்டியதில்லை, அச்சடித்தால் போதும். லேடி ஸ்மால்வுட்டின் கணவர் கதை அப்படித்தான் முடிந்தது. விஷயம் வெளியே வந்தது, அவர் உயிரை விட்டார்.

என் கோபம் வேறு. மக்னுசனை ஷெர்லாக் சுடுகிறான். தலைக்குள் இருப்பதை அழிக்கத் தலையைச் சுடுவது, சரி, கணக்கு சரிதான். ஆனால் அதற்கு ஷெர்லாக் ஹோம்ஸ் எதற்கு? இத்தனைக்கும் அதே எபிசோடில் முன்பே மக்னுசனை மண்டியிட வைத்துத் துப்பாக்கியோடு நிற்பவள் மேரி. அங்கே அவள் சுட்டது ஷெர்லாக்கை! அப்புறம் அவளை ஓரமாக உட்கார வைத்துவிட்டு, அவளுடைய பகையை ஷெர்லாக் தீர்க்கிறான், தியாகி பட்டமும் அவனுக்கே போகிறது.

டாயில் இந்தத் தப்பைச் செய்யவில்லை. அந்தக் கதையில் மில்வெர்டனால் கணவனை இழந்த பெண்ணே வந்து சுடுவாள், செருப்புக் குதிகாலால் அவன் முகத்தை மிதிப்பாள். திருட வந்த ஹோம்ஸும் வாட்சனும் திரைக்குப் பின்னால் நின்று பார்ப்பார்கள், அவ்வளவுதான். மறுநாள் போலீஸ் இன்ஸ்பெக்டர் லெஸ்ட்ரேட் உதவி கேட்டு வந்தால், இந்த வழக்கு வேண்டாம் என்று ஹோம்ஸ் கைகழுவிவிடுவார். பிறகு ஆக்ஸ்ஃபோர்டு தெருவில் ஒரு கடை ஜன்னலில் அந்தப் பெண்ணின் படத்தை வாட்சனுக்குக் காட்டி, உதட்டில் விரல் வைப்பார். அவள் பெயர் நமக்குக் கடைசிவரை தெரியாது.